நிலம் திருந்தட்டும்; கட்டடம் பின்னர் எழட்டும்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும்போது அதன் பழைய மாணவர் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம் கட்டடம் பற்றியதாகவே இருக்கின்றது. வெள்ளி விழாவுக்கு ஒரு வகுப்பறைத் தொகுதி, பொன் விழாவுக்கு ஒரு மண்டபம், வைர விழாவுக்கு ஒரு விஞ்ஞான கூடம், நூற்றாண்டுக்கு ஒரு மாடி என்றவாறு விழாக்களைக் கல்லிலும் சீமெந்திலும் எண்ணிப் பழகிவிட்டோம். இதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. பழைய மாணவர்கள் தம் உழைப்பின் ஒரு பங்கைப் பிரித்துக் கல்லூரி அன்னையின் காலடியில் வைக்கும் வழக்கம் இல்லாதிருந்தால், யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரிகள் பல இன்றும் ஓலைக் கொட்டகைகளாகவே இருந்திருக்கும். ஆயினும் அக்கட்டடங்கள் எந்த நிலத்தின்மீது நிற்கப் போகின்றனவோ, அந்த நிலத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு கணமேனும் சிந்திக்கின்றோம்?

நிலத்தின் மட்டத்தை அளந்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவி, வேண்டிய சாய்வைக் கொடுத்து, நீர் செல்லும் வழியை வகுத்து, மண்ணை இறுக்கி முடித்த பின்னரே அத்திவாரக் கல் வைத்தல் வேண்டும். கட்டடம் எழுந்த பின் அதனைச் சூழ்ந்த தரைக்கு இறுதி மட்டம் கொடுத்து முடித்த பின்னரே பூங்கன்றும் புற்றரையும் நடைபாதையும் அமைத்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து. இது புதுமையான கருத்தன்று. கட்டடக் கலை பயின்றோர் யாவரும் அறிந்ததே. அறிந்திருந்தும் கைவிடப்படுவதனாலேயே விழா மலரில் எடுத்துரைக்கத் துணிந்தோம்.

நிலந்திருத்தல் என்றதும் பலர் பற்றைகளை வெட்டி எரித்து, நாலு லொறிக் கிரவலைப் பறித்துப் பரப்பிவிடுவதையே நினைத்துக்கொள்கின்றனர். அது துப்புரவு செய்தலேயன்றித் திருத்தலன்று. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் நிலம் நீருக்குச் சமமாக இருப்பதில்லை. நம் கண் ஓரடி வேறுபாட்டையே சில வேளைகளில் தவறவிடும். நீரோ ஒரு விரற்கடையையும் தவறவிடாது. ஆகவே நிலத்தின் உண்மையான வடிவைக் காட்டவல்ல ஒரே ஆசிரியர் நீர்தான். அவ்வாசிரியர் கார்த்திகையிலும் மார்கழியிலும் நம் வளவுக்கு வந்து பாடஞ் சொல்லிச் செல்கின்றார். நாமோ தையிற் பாடத்தை மறந்து, ஆடியில் அத்திவாரம் வெட்டுகின்றோம்.

நம் சமயத்தையும் மரபையும் போற்றும் கல்லூரியின் மலராதலால் ஒன்றை நினைவூட்டுதல் பொருத்தமாகும். ஆலய அமைப்பைப் பற்றிப் பேசும் ஆகம மரபு, கிரியைகளைக் கர்ஷணம் முதலாகப் பிரதிட்டை ஈறாக வகுத்துக் கூறுகின்றது. கர்ஷணம் என்பது உழுதல். கோபுரத்தைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ பேசுமுன் நிலத்தை உழுவது பற்றியே நூல் பேசுகின்றது. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் நிலத்தைத் தேர்ந்து, உழுது, விதைத்து, விளைந்ததைப் பசுக்கள் மேயவிட்டு, அதன் பின்னரே மனை வகுக்குமாறு விதிக்கின்றன. ஒரு முழக் குழி வெட்டி, வெட்டிய மண்ணாலேயே அதனை நிரப்பிப் பார்க்கும் சோதனையும் பழைய நூல்களில் உண்டு. மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சரியாக அமைந்தால் மத்திமம், குறைந்தால் அதமம். இதனை மூடநம்பிக்கையென்று தள்ளுவோர் ஒருகணம் ஆராய்ந்து பார்ப்பாராக. இறுகிக் கிடந்த மண் வெட்டப்பட்டதும் பருத்து மிஞ்சும். பொருபொருத்த மண் மீண்டும் இடும்போது அமர்ந்து குறையும். ஆகவே அக்குழி, மண் எவ்வளவு நெருங்கியிருக்கின்றது என்பதற்கான எளிய சோதனையே. இன்றைய ஆய்வுகூடங்கள் கருவி கொண்டு அறிவதை அன்று அவர்கள் மண்வெட்டி கொண்டு அறிந்தனர். இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், சுபமுகூர்த்தத்தில் அத்திவாரக் கல்லை மட்டும் வைத்துவிட்டு, அதற்கு முன்னுள்ள கர்ஷணத்தை மறந்துவிடுதல் முறையாகுமா?

"யாழ்ப்பாணம் தட்டையான நாடு, இங்கே மலையுமில்லை, பள்ளத்தாக்குமில்லை, மட்டம் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?" என்று வினவுவோர் உளர். தட்டையான நாடாதலினாலேயே மட்டம் பார்த்தல் மிக இன்றியமையாததாகின்றது என்பது எம் விடை. மலைநாட்டில் நீருக்கு வழிகாட்ட வேண்டியதில்லை. அது தானே வழி தேடிக்கொள்ளும். அங்கே அதன் வேகத்தை அடக்குவதே பிரச்சினை. இங்கோ அதற்கு வேகமேயில்லை. ஓரிடத்தில் ஆறங்குலம் மண் மிகுந்தால் நீர் நின்றுவிடும். ஆறங்குலம் குறைந்தால் அங்கே குளமாகும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்தில் கடனீரேரியை அடையும் வழுக்கியாறே ஆறென்று சொல்லத்தக்கது. ஆகவே வானத்திலிருந்து விழும் நீர் ஒன்றில் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அன்றேல் குளத்தைச் சேர வேண்டும். அன்றேல் வெள்ளவாய்க்கால் வழியே கடலை அடைய வேண்டும். நான்காவது வழி நம் வீட்டு வாசற்படியே.

அந்நீர் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். குடாநாட்டில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது அக்காலத்தில் வியப்பன்று. ஒரு பரப்புக் காணியில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அது ஏறக்குறைய 25,000 லீற்றர். பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரில் 4 இலட்சம் லீற்றர். அதாவது 5,000 லீற்றர் கொள்ளும் பவுசர்கள் எண்பது. 100 அடி நீளமும் 60 அடி அகலமுமுள்ள மண்டபமொன்றைக் கட்டினால், அதன் கூரை மட்டும் அன்றைக்கு 55,000 லீற்றருக்கு மேற்பட்ட நீரைப் பீலிகளின் வழியே நிலத்திற் கொட்டும். மண்டபம் கட்டப்படுமுன் அந்நீர் மண்ணில் விழுந்து மண்ணிற் சுவறியது. கட்டிய பின் அது நான்கு மூலைகளிலும் கூடி விழுகின்றது. அந்த 55,000 லீற்றர் எங்கே செல்லும் என்பதை வரைபடத்திற் காட்டாத கட்டடக் கலைஞர் பாதி வரைபடத்தையே தந்தவராவர்.

நம் முன்னோர் இக்கணக்கை எழுத்திற் போடாவிட்டாலும் கருத்திற் கொண்டிருந்தனர். வீட்டின் தளத்தை உயர்த்தித் திண்ணை வைத்தனர். முற்றத்தை வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து மெழுகினர். வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நட்டுக் கிடுகோ பனையோலையோ கொண்டு வேலியடைத்தனர். வேலி கள்ளனை மறித்தது; வெள்ளத்தை மறிக்கவில்லை. ஒழுங்கைகள் இருபுறத்து வளவுகளிலும் தாழ்ந்திருந்தமையால் கோடையிற் பாதையாகவும் மாரியில் வாய்க்காலாகவும் பயன்பட்டன. ஊருக்கு ஊர் குளங்களும் கேணிகளும் தாழ்ந்த இடந்தேடி வெட்டப்பட்டிருந்தன. இன்று வேலி இருந்த இடத்தில் மதில் நிற்கின்றது. தெருக்களின்மேல் ஒன்றன்மேலொன்றாகத் தாரும் கல்லும் படை படையாகப் போடப்பட்டு, வளவிலும் வீதி உயர்ந்த ஊர்கள் பல. குளத்தின் கரைகள் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே நகர்கின்றன. 2008 ஆம் ஆண்டு நவம்பரில் நிஷாப் புயலின்போதும், 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போதும், 2024 நவம்பரில் ஃபெங்கால் புயலுக்கு முன்னோடியான பெருமழையின்போதும் யாழ்ப்பாணத்தின் தாழ்ந்த பகுதிகள் நீரில் நின்றதை நாம் கண்டோம். 2025 நவம்பரில் டித்வாப் புயல் நாடு முழுவதையும் உலுக்கிய துயரம் இன்னும் ஆறவில்லை. புயலை நாம் அழைக்கவில்லை, தடுக்கவும் இயலாது. ஆனால் வந்த நீருக்கு வழி விடுவதும் விடாததும் நம் கையிலேயே இருக்கின்றது.

இங்கே கல்லூரிகளுக்கென ஒரு தனிப் பொறுப்பு உண்டு. ஒரு குடும்பத்தின் வளவு இரண்டு அல்லது மூன்று பரப்பு. கல்லூரியின் வளவோ பல ஏக்கர். இரண்டு பரப்புக்காரர் தம் காணியை ஓரடி உயர்த்தினால் அயல்வீட்டார் ஒருவர் வருந்துவர். கல்லூரி தன் வளவை ஓரடி உயர்த்தினால் ஓர் ஒழுங்கை முழுவதும் வருந்தும். பலவிடங்களில் நாம் கண்டு மனம் வெதும்பிய காட்சி இதுவேயாகும்: வளவிற் கிரவல் கொட்டி உயர்த்தி, சுற்றிலும் மதில் எழுப்பி, மதிலின் அடியில் துளைகள் வைத்துவிடுகின்றனர், மாரி வந்ததும் கல்லூரியின் தரை காய்ந்து கிடக்க, மதிலுக்கு அப்பாலுள்ள ஏழையின் குசினிக்குள் அடுப்பு மிதக்கின்றது. அவ்வீட்டுப் பிள்ளையும் அதே கல்லூரியின் மாணவனாக இருப்பான். காலையில் நனைந்த புத்தகத்தோடு அவன் வரும்போது நாம் அவனுக்கு நீதிநூல் படிப்பிக்கின்றோம். இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டமும் இது பற்றித் தெளிவாகவே இருக்கின்றது. மேல்நிலத்திலிருந்து இயற்கையாக வடியும் நீரைக் கீழ்நிலத்தவன் ஏற்க வேண்டும். ஆனால் மேல்நிலத்தவன் செயற்கையால் அதனைப் பெருக்கி அவன் தலையிற் கொட்டுதல் ஆகாது. நம் பழைய மாணவருட் சட்டத்தரணிகள் பலர் உளர். அவர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. சட்டம் இல்லாதிருந்தாலும் அறம் ஒன்று உண்டு. அயலவனை நனைத்துத் தான் உலர்ந்திருத்தல் கல்விக்கழகத்துக்கு அழகன்று.

இனி, செய்ய வேண்டியதை முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, மட்டம் அறிதல். வளவில் என்றும் அசையாத ஓரிடத்தில் மட்டக்கல் ஒன்றை நாட்ட வேண்டும். அதனை ஆதாரமாகக் கொண்டு வளவெங்கும் மட்டமெடுத்து, ஆறங்குலத்துக்கு ஒரு கோடாக உயரக் கோடுகள் வரைந்த படமொன்றை ஆக்க வேண்டும். நில அளவையாளர் இதனைச் சில நாட்களிற் செய்து தருவர். வெளிப்படையான இறப்பர்க் குழாயில் நீர் நிரப்பி மேசன்மார் மட்டம் பிடிக்கும் முறைகூடச் சிறு வேலைக்குப் போதியதே. அப்படத்தோடு மாரிகாலத்தில் நீர் எங்கெங்கே எத்தனை நாள் நிற்கின்றது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். புவியியல் பயிலும் மாணவர்களுக்கு இதனிலும் சிறந்த செய்முறைப் பாடம் வேறில்லை.

இரண்டாவது, மேல்மண்ணைக் காத்தல். எருவும் வேரும் கலந்து, பல்லாண்டுகளாக உருவான மேல்மண் சில அங்குலங்களே. அதற்குக் கீழே நம் ஊரிற் பலவிடங்களிற் சுண்ணக்கல் தலைகாட்டிவிடும். புல்டோசர் வந்த முதல் நாளே அம்மேல்மண்ணைப் புரட்டி அடியிற் போட்டுக் கல்லை மேலே கொண்டுவருவது நாம் நாள்தோறும் காணும் கொடுமை. முதலில் மேல்மண்ணை வழித்து ஒருபுறம் குவித்து வைத்து, எல்லா வேலையும் முடிந்த பின் அதனை மீண்டும் பரப்புவதே முறை. அவ்வாறு செய்யாதவர்கள் பின்னர்ப் பூந்தோட்டத்துக்கென விலை கொடுத்து மண் வாங்குகின்றனர். அம்மண்ணோ வேறொருவருடைய தோட்டத்தை வறிதாக்கி வந்தது.

மூன்றாவது, வெட்டலும் நிரவலும். மேட்டில் வெட்டிய மண் பள்ளத்துக்குப் போதுமாறு மட்டங்களை வகுத்தால் வெளியிலிருந்து கிரவல் கொண்டுவரும் தேவை குறையும், செலவும் குறையும். வன்னியில் எங்கோ ஒரு காட்டைக் குழியாக்கித்தான் நம் வளவு மேடாகின்றது என்பதை மறத்தலாகாது. நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே உருளை ஓட்டுவதாற் பயனில்லை. மேற்பகுதி இறுகும்; அடிப்பகுதி பஞ்சுபோற் கிடக்கும். ஆறு முதல் எட்டு அங்குலத் தடிப்புள்ள படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் நனைத்து இறுக்குதல் வேண்டும். நீர் மிகினும் குறையினும் மண் நெருங்காது. ஒவ்வொரு மண்ணுக்கும் உரிய ஈரப்பதம் ஒன்றுண்டு. அமெரிக்கப் பொறியியலாளர் புரொக்ரர் 1933 ஆம் ஆண்டில் இதனை ஆய்ந்து வெளியிட்டார். உலகெங்கும் இன்று அச்சோதனை அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆய்வுகூடம் இல்லாத இடத்திற் கைப்பிடி மண்ணைப் பிசைந்து பார்க்கலாம். உருண்டையாகத் திரண்டு, விரலிடையில் நீர் கசியாமல், கீழே போட்டால் உடையுமாயின் அதுவே தக்க ஈரம். திமிசுக்கட்டை பிடித்த பழைய வேலையாட்கள் இதனை நன்கறிவர்.

நான்காவது, பொறுத்திருத்தல். நிரப்பிய நிலத்தை ஒரு மாரி காண விடுதல் வேண்டும். எங்கே மண் அமர்கின்றது, எங்கே அரிக்கின்றது, எங்கே நீர் தங்குகின்றது என்பதை அம்மாரி காட்டிக்கொடுக்கும். அக்குறைகளை மண்வெட்டியாலேயே அப்போது தீர்த்துவிடலாம். கட்டிய பின் அதே குறை தோன்றினால் சுவரில் வெடிப்பாகவும் தரையிற் பிளவாகவும் வெளிப்படும். அதனைத் தீர்க்க மண்வெட்டி போதாது. நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி யாவும் நிலத்தின் கீழ் எவ்வழியாகச் செல்லும் என்பதையும் இக்கட்டத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். முடிந்த தரையை மூன்று இலாகாவினர் மூன்று முறை கிண்டுவது நாம் பழகிப்போன கேலிக்கூத்து.

ஐந்தாவது, இறுதி மட்டம். கட்டடம் எழுந்த பின் அத்திவாரத்தைச் சுற்றியுள்ள குழிகளை உடைந்த கல்லும் சீமெந்துப் பையும் போட்டு மூடாமல் நல்ல மண்ணால் நிரப்பி இறுக்க வேண்டும். சுவரிலிருந்து முதற் பத்தடி தூரத்துக்கு ஆறங்குலமாயினும் தரை வெளிப்புறம் தாழ்ந்திருத்தல் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. சுவரில் ஈரம் ஏறாதிருக்க இடப்படும் தடுப்புப் படைக்கு ஆறங்குலம் கீழேயே வெளித்தரை முடிதல் வேண்டும். பலர் அழகுக்கெனப் பூப்பாத்தியைச் சுவரோடு அணைத்து உயர்த்திவிட்டு, உள்ளே சுண்ணாம்பு உதிர்வதேன் என்று வினவுகின்றனர். சீமெந்து முற்றத்துக்கு ஐம்பதடிக்கு ஓரடியோ நூறடிக்கு ஓரடியோ சாய்வு போதும். இவ்வளவு சிறிய சாய்வைக் கண்ணாற் பிடிக்க இயலாது. முளையடித்து நூல் கட்டியே பிடிக்க வேண்டும்.

சிறிய சாய்வையும் துல்லியமாகப் பிடிக்க முடியுமா என்று ஐயுறுவோர் இந்நாட்டுச் சரித்திரத்தையே நோக்குவாராக. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் அமைந்த கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துத் திசவெவவுக்கு நீர் கொண்டுசென்ற யோத எல என்னும் வாய்க்கால் ஏறக்குறைய 54 மைல் நீளமானது. அதன் முதற் 17 மைல்களில் மைலுக்கு ஆறங்குலமே சாய்வு என்பர் ஆராய்ந்தோர். ஒரு மைலில் ஆறங்குலத்தைத் தவறாது பிடித்த நாட்டில், ஒரு மண்டபத்தைச் சுற்றிப் பத்தடியில் ஆறங்குலம் பிடிப்பதற்கு நாம் அலுத்துக்கொள்வது வெட்கத்துக்குரியதன்றோ?

விளையாட்டு மைதானத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். மாணவர் உள்ளத்துக்கு வகுப்பறையிலும் அணித்தானது அதுவே. மைதானம் முற்றிலும் தட்டையாக இருத்தல் வேண்டும் என்பது பொதுவான தப்பெண்ணம். முற்றிலும் தட்டையான மைதானம் முதல் மழையிலேயே சேற்று வயலாகும். 300 அடி அகலமான மைதானத்தின் நடுப்பகுதியை ஓரங்களிலும் ஒன்றரையடி உயர்த்தி, நூறடிக்கு ஓரடி என்ற சாய்வில் இரு புறமும் வழித்துவிட்டால், ஆடுவோர் காலுக்கு அச்சாய்வு தெரியாது; நீருக்கு மட்டும் தெரியும். ஓரங்களில் ஆழமற்ற புல்வாய்க்கால் அமைத்து அதனைக் குளத்தோடோ வெள்ளவாய்க்காலோடோ இணைத்துவிடலாம். தையிலும் மாசியிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நம் ஊரில், மார்கழி மழை நின்ற சில நாட்களுக்குள் ஓடத்தக்கதாகத் தரை காய்தல் எத்துணைப் பயன் தரும் என்பதைப் பயிற்றுநர்களைக் கேட்டாற் சொல்வர். மேடையிலமர்ந்து பார்ப்போருக்குப் பார்வையாளர் மண்டபம் பெரிது. ஓடுகின்ற பிள்ளைக்குத் தரையே பெரிது.

கல்லூரி வளவின் பழைய மரங்களையும் இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும். வேம்பும் மருதும் நம் கல்லூரிகளின் கட்டடங்களிலும் மூத்தவை. அவற்றின் உணவு தேடும் வேர்களிற் பெரும்பாலானவை மேற்பரப்பிலிருந்து ஒன்றரையடிக்குள்ளேயே பரவிக் கிடக்கின்றன. அவற்றின் அடியில் ஓரடி கிரவலைக் கொட்டி இறுக்கினால் வேர் மூச்சடைத்துவிடும். மரம் உடனே சாவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் நுனி கருகத் தொடங்கும். அப்போது யாவரும் நோயென்பர். கிரவலை ஒருவரும் நினையார். மட்டம் வகுக்கும் வரைபடத்திலேயே ஒவ்வொரு மரத்தின் அடி மட்டத்தையும் குறித்து, கிளை விரிந்த எல்லை வரை அதனை மாற்றாது விடுதல் வேண்டும். தரையை உயர்த்தியே தீரவேண்டுமாயின் மரத்தைச் சுற்றி அகன்ற கிணறுபோல் இடம் விட்டுக் கட்டலாம். நூறு தலைமுறை மாணவர்க்கு நிழல் தரவல்ல மரத்தைக் கொன்று அவ்விடத்திற் சட்டிகளில் குரோட்டன் வைப்பதை அழகூட்டல் என்று நாம் ஏற்கோம்.

இவை யாவற்றிலும் பெரியது கிணற்று நீரின் கதை. குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியற் கோட்பாடு. மறுபக்கமாகச் சிந்திப்பின், மேலே ஓரடியை இழந்தால் கீழே நாற்பதடியை இழக்கின்றோம். ஆகவே மழைநீரை வளவை விட்டு விரைவில் விரட்டுவது மட்டும் நிலந்திருத்தலின் நோக்கமன்று. கட்டடத்தை விட்டு அகற்றுதல் வேண்டும். வளவை விட்டு அகற்றுமுன் அதற்கு மண்ணுட் புக வாய்ப்பளித்தல் வேண்டும். செம்மண் நீரை நன்கு உறிஞ்சும்; இறுக்கிய கிரவலும் கொங்கிறீற்றுக் கற்களும் உறிஞ்சா. ஆதலால் வளவின் தாழ்ந்த மூலையில் ஒரு சிறு குளமோ புற்பள்ளமோ விட்டு, கூரைநீரை அதன்பாற் செலுத்தி, மிஞ்சியதை மட்டும் வாய்க்காலுக்கு விடுவதே நம் நாட்டுக்கேற்ற முறை. எல்லா நீரையும் கடலுக்கு அனுப்பிவிட்டுச் சித்திரையிற் பவுசரை எதிர்பார்த்து நிற்பது அறிவுடைமையாகாது. அப்பள்ளம் சில நாட்களில் வற்றும் வண்ணம் அமைந்தால் நுளம்புக்கும் இடமிராது. நுளம்பைப் பெருக்குவது நன்கு வகுத்த பள்ளமன்று. சாய்வு தவறிய பீலியும் அடைபட்ட கானுமேயாகும்.

எதிர்வாதங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பணம். "உள்ள பணத்தில் ஒரு வகுப்பறை கூடுதலாகக் கட்டலாமே" என்பர். கட்டலாம். ஆனால் நிலந்திருத்தாமற் கட்டிய வகுப்பறை மாரியில் எத்தனை நாள் வகுப்பறையாக இருக்கும் என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். வெடித்த தரையை மீண்டும் இடுதல், ஈரமேறிய சுவரை மீண்டும் பூசுதல், நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு எரிபொருள், பின்னால் வாய்க்கால் வெட்ட முடிந்த முற்றத்தை உடைத்தல் என்பன ஒவ்வோராண்டும் வந்து நிற்கும் கடன்கள். முன்னர் ஒரு முறை கொடுக்க மறுத்ததைப் பின்னர் வட்டியோடு பலமுறை கொடுக்கின்றோம்.

மற்றையது, சொல்லப்படாத வாதம், ஆயினும் வலியது. மண்ணுக்குள் போன பணத்துக்குப் பெயர்க்கல் இல்லை. மண்டபத்துக்குக் கொடுத்தவர் பெயர் வாயிலிற் பொன்னெழுத்தில் நிற்கும். நானூறு லோடு மண்ணை இறுக்கக் கொடுத்தவர் பெயரை எங்கே பொறிப்பது? விழாவுக்கு வரும் பெரியார் நாடா வெட்டுவதற்குச் சாய்வில் ஒரு வாயிலும் இல்லை. நாம் கொடையாளரைக் குறைகூறவில்லை. தம் தாய் தந்தையர் பெயர் நிலைக்க வேண்டும் என்பது இயல்பான ஆசையே. குறை, அத்தகைய கொடையைக் கேட்கத் தெரியாத சங்கங்களிலேயே இருக்கின்றது. நாம் மண்டபத்தின் படத்தை அச்சிட்டு அனுப்பிப் பணங் கேட்கின்றோம். நிலத்தின் படத்தை அனுப்பி ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இலண்டனிலும் தொரொன்றோவிலும் சிட்னியிலும் வாழும் நம் பழைய மாணவர்களுள் எத்தனை பொறியியலாளர் முன்வந்திருப்பர்!

ஆகவே நம் பழைய மாணவர் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். இனி எழுப்பப்படும் எக்கட்டடத்துக்கும் நிதி திரட்டுமுன் வளவு முழுவதற்குமான மட்டப் படமும் வடிகால் திட்டமும் ஆக்கப்படல் வேண்டும். திரட்டும் நிதியிற் பத்திலொரு பங்காயினும் நிலத்துக்கென முதலிலேயே ஒதுக்கப்படல் வேண்டும். கட்டடச் செலவு மிகுந்தவிடத்தும் அதிற் கைவைத்தலாகாது. மதிலுக்கு அப்பாலுள்ள அயலவரோடு கூடிப் பேசி, கல்லூரி நீர் எவ்வழியே யாருக்கும் இடரின்றிச் செல்லும் என்பதை உடன்பட்டுத் தீர்மானித்தல் வேண்டும். இறுதி மட்டம் முடியாமல் திறப்பு விழா வைப்பதில்லை என ஓர் உறுதி எடுத்தல் வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாதி முடியுமுன் பீலிகளும் கான்களும் சாய்வுகளும் சோதிக்கப்படல் வேண்டும். மாணவர் மன்றங்கள் இப்பணியை ஒரு நாட் சிரமதானமாகவே செய்து முடிக்கலாம்.

நிலத்துக்குக் கொடுப்போரின் பெயரை எங்கே பொறிப்பது என்ற வினாவுக்கும் விடை உண்டு. வளவில் நாட்டப்படும் மட்டக்கல்லே அதற்குரிய இடம். அதிற் பெயரைப் பொறிப்போம். மண்டபங்கள் ஒரு காலத்தில் இடிக்கப்பட்டுப் புதியன எழும். அவற்றை எழுப்பப் போகும் தலைமுறையும் தன் அளவுகளை அக்கல்லிலிருந்தே தொடங்கும். கல்லூரியின் அடுத்த விழாவைக் காணப்போகும் பிள்ளைகள் கால் நனையாமல் வகுப்புக்குச் செல்வார்களாயின், அதுவே இவ்விழா ஆண்டில் நாம் அவர்களுக்கு விட்டுச்செல்லும் நிலையான கொடையாகும்.